சூடாறுமுன் திறந்த வால்வு

1
இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது எங்கள் வீட்டுக் குக்கர். ஆவி அடங்குமுன் வெயிட்டைத் தூக்கி, வெந்த விரலோடு எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: ‘பரிசோதனைக்கூடத்தின் சன்னலில் பொன்னொளி மெல்ல…’ வேண்டாம். பொன்னொளி விற்கிற கடை வேறு.

2
நம் ஆள் பூச்சுப் பரிசோதகர். ரசாயனத் தொட்டிகளின் உட்சுவரை அரிப்பிலிருந்து காக்கிற பாலிமர் பூச்சைச் சோதிப்பவர். பூச்சடித்த தகட்டை எஃகுக் கலத்துக்குள் வைத்து, சூடேற்றி, வாயுவால் அழுத்துவார். அழுத்த அழுத்த வாயு பூச்சுக்குள் புகுந்து குடியேறும். சூட்டில் பூச்சு இளகும். அதனால் முதலில் ஆறவிட வேண்டும், பிறகே அழுத்தத்தை இறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளிருக்கும் வாயு விரிந்து பூச்சை ஊதிவிடும். (புரியாதவர்கள் என் விரலைப் பார்க்கலாம்.)

அன்று மாற்றிச் செய்துவிட்டார். தகடு அம்மை போட்டதுபோல் வெளியே வந்தது.

3
பூச்சு அடித்தவர் அவருடைய தங்கை புருஷன்.

“என்ன மச்சான், என் பொழப்புலயே கொப்புளம் போட்டுட்டீங்க?”

“கை முந்திடுச்சு மாப்ள. ஆறுறதுக்குள்ள வால்வைத் திறந்துட்டேன்.”

“அப்போ தப்பு உங்க கையில, என் பூச்சுல இல்ல. வேற தகடு தர்றேன். ஆறவிட்டுப் பாருங்க.”

ஆறவிட்டுப் பார்த்தார். தகட்டில் முகம் தெரிந்தது. மாப்பிள்ளை அதில் மீசையைச் சரிசெய்துகொண்டார்.

“தங்கச்சி வேலை பாக்குற ஆலைக்குத்தானே இந்தத் தொட்டி?” என்றார் பரிசோதகர். “அங்க ஆறவிட்டுத்தான் திறக்குறாங்களா?”

“உற்பத்தி நின்னுடுமே, யாரு ஆறவிடுவா?” சொன்ன பிறகுதான் மாப்பிள்ளையின் கை மீசையிலிருந்து இறங்கியது. “மச்சான்… இந்த ஆர்டர் போனா என் பட்டறையை இழுத்து மூடணும்.”

4
முடிவு ஒன்று: ஃபெயில். பட்டறைக்குப் பூட்டு. தங்கை அண்ணனோடு பேசுவதை நிறுத்துகிறாள்.

முடிவு இரண்டு: பாஸ். விதிப்படி சரி, ஒருவரும் குறை சொல்ல முடியாது. தொட்டிக்குள் கொப்புளம் உடைகிறது, இரும்பு உள்ளுக்குள் மெலிகிறது, ஒரு நாள் தங்கை தொட்டியருகே நிற்கும்போது…

(அடித்துவிட்டேன். எழுத முடியவில்லை.)

முடிவு மூன்று: தங்கையிடமே சொல்கிறார். அவள் சிரிக்கிறாள். “ஆறட்டும்னு நான் நின்னா, என்னை வெளிய அனுப்பிட்டு வேற ஆளை வெச்சுத் திறப்பாங்கண்ணா.”

5
பேரத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். எந்தச் சரக்கையும் தள்ளிவிடுவேன். இந்த மூன்றில் ஒன்றுகூட என் வாயால் விற்க வரவில்லை. பாஸ், ஃபெயில் இரண்டு முத்திரையும் மேசைமேல் இருக்கின்றன. நீங்கள் எடுங்கள்.

சூடு ஆறட்டும், நிதானமாக யோசிக்கலாம் என்கிறீர்களா? தங்கை வேலைக்குப் போய்விட்டாள். அங்கே யாரும் ஆறவிடுவதில்லை.