நெஞ்சில் போட்ட பத்து

எண்பத்தாறாம் வருடம் தை மாதக் கடைசியில் என் மச்சான், மனைவியின் அண்ணன் நல்லகாமனுக்கு மாரடைப்பு வந்தது. பழங்காநத்தத்தில் பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மோட்டார் ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாம். பெரியாஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். பிழைத்தது குலசாமி புண்ணியம் என்று நான் சொல்ல, டாக்டர் புண்ணியம் என்று அவர் சொல்ல, அதிலும் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் என்றால் அப்படித்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அடைப்பு வந்த பக்கம் இதயத்தின் சுவர் சரியாக அசையவில்லை, அசையாத இடத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாக உறைந்திருக்கலாம் என்றார். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும், உயிரே போனாலும் போகும். கோரிப்பாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எக்கோ என்று புது மெஷின் வந்திருக்கிறது, கத்தியும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், நெஞ்சின் மேல் வைத்தாலே உள்ளே இருப்பது படமாகத் தெரியும், உடனே போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கட்டி இருந்தால் படுக்கையை விட்டு அசையக் கூடாது. இங்கேதான் எங்களுக்கு இடித்தது. மாசி சிவராத்திரிக்கு என் மகள் ரெங்கம்மாளுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து. செக்கானூரணிப் பக்கம் எங்கள் சனத்தில் தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, கிடாய்கள் வாசலில் கட்டிக் கிடந்தன. நான் உரக்கடை வைத்திருக்கிறவன், ஊரில் பாதிப் பேர் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். நல்லகாமனுக்கு முடியாவிட்டால் என்ன, அழகம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் சோணை இருக்கிறானே, அவனும் மாமன் முறைதானே என்று என் பங்காளிகள் வந்து சொன்னார்கள். அழகம்மாள் அவர்களுக்குக் காபி டம்ளரை வைத்த வேகத்தில் பாதி வெளியே சிந்தியது. அதுதான் அவள் சொன்ன பதில்.

அவளைக் குறை சொல்ல முடியாது. தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்ததே நல்லகாமன்தான். எக்கோ பார்க்கப் போவதற்கு முந்தின நாளே அண்ணனோடு இருக்கிறேன் என்று பழங்காநத்தத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். கோரிப்பாளையம் போகும் பஸ்ஸில் முட்டைக் கவிச்சி தாங்க முடியவில்லை. முன் சீட்டில் கூடை வைத்திருந்த அம்மாளை நான் முறைத்துக்கொண்டே போனேன், பாவம்.

எக்கோ அறையில் இருந்தவர் டாக்டர் துளசிராம். சௌராஷ்டிரக்காரர், சின்ன வயசு, மெதுவான பேச்சு. சட்டையைக் கழற்றச் சொன்னார். மச்சான் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், பிறகு பொத்தானைக் கழற்றினார். உள்ளே இடது மாரை மூடி வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. துணிக்கு அடியில் உளுந்துமாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் போட்ட பத்து, காரை பூசியதைப் போல் இறுகிக் கிடந்தது. பஸ்ஸில் அடித்த கவிச்சி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் பக்கம் மாடு முட்டினாலும் மரத்திலிருந்து விழுந்தாலும் இதுதான் வைத்தியம். ரத்தம் எங்கே கட்டினாலும் பத்துப் போட்டால் கரைந்துவிடும். நெஞ்சுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று டாக்டரே சொன்ன பிறகு அழகம்மாள் சும்மா இருப்பாளா?

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத் திட்ட வாயெடுத்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். தன் வீட்டிலும் யாருக்காவது காலில் சுளுக்கென்றால் இதே மாவுதான் என்று சிரித்தார். ஆனால் தோலில் நேராகப் பட்டால்தான் மெஷினில் படம் வரும், இதன் மேல் வைத்தால் ஒன்றும் தெரியாது என்றார். இன்றைக்கு விட்டால் அடுத்த முறை கிடைக்கச் சிவராத்திரி தாண்டிவிடும். மற்றவர்களைப் பார்த்து முடிப்பதற்குள் நெஞ்சைச் சுத்தம் செய்து கூட்டி வாருங்கள் என்று சொல்லி நர்ஸிடம் வெந்நீருக்கும் சொல்லிவிட்டார்.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் மச்சானை உட்கார வைத்தோம். அழகம்மாள் தன் முந்தானையை வெந்நீரில் நனைத்து நனைத்துப் பத்தின் மேல் வைத்தாள். ஊறிய ஓரத்தை நகத்தால் நெம்பிப் பெயர்த்தாள். மச்சானுக்கு நெஞ்சு நிறைய முடி. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கொத்து முடி சேர்ந்து வந்தது. வலிக்குதா என்று அவள் கேட்கும்போதெல்லாம் இல்லை என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது எனக்குத் தெரிந்தது, குனிந்திருந்த அவளுக்குத் தெரியவில்லை.

"இந்தக் கூத்துக்கு நீங்களும் சம்மதிச்சீங்களாக்கும்" என்றேன் மச்சானிடம்.

அவருக்குப் பதில் அவள்தான் சொன்னாள். "புளியமரத்துலருந்து விழுந்து என் கை ஒடிஞ்சப்ப இவருதானே முட்டைக்கு ஊரெல்லாம் ஓடுனாரு? இவரு போட்ட பத்துலதானே என் கை கூடுச்சு? எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

கிணற்றடியில் குடம் குடமாக இறைக்கும் அந்தக் கையைத்தான் நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்துவருகிறேன். அது ஒடிந்து கூடிய கை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கடைசித் துண்டு வரும்போது மச்சான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "உள்ள கட்டி இருந்துச்சுன்னா எங்கிட்ட மறைக்காதீங்க. காதுகுத்த நிப்பாட்டவும் வேணாம். சோணை மடியில உக்கார வச்சிருங்க. எனக்கு வருத்தமில்ல" என்றார். வருத்தமில்லை என்று சொன்ன குரலே வருத்தத்தைச் சொல்லிவிட்டது. அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு மிச்சத்தைத் துடைத்து எடுத்தாள். இடது மாரில் முடியில்லாமல் சிவந்த ஒரு சதுரம் தெரிந்தது.

உள்ளே அவரை இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்க வைத்து, குளிர்ந்த பசை ஒன்றைத் தடவி, கைக்கடக்கமான ஒரு கருவியை அந்தச் சதுரத்தில் வைத்தார் டாக்டர். வெளியே நில்லுங்கள் என்று நர்ஸ் சொன்னதை அழகம்மாள் காதில் வாங்கவே இல்லை. டி.வி. மாதிரி இருந்த சின்னத் திரையில் கறுப்பும் வெளுப்புமாக ஏதோ துடித்தது. அதுதான் உங்கள் அண்ணன் இதயம் என்றார் டாக்டர். அவள் திரையைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்கள் என்றார் டாக்டர். மச்சான் நிறுத்தினார். நாங்களும் நிறுத்தினோம். கருவியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்த டாக்டர் திரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். எல்லாம் சுருங்கி விரிந்துகொண்டிருக்க, ஒரு நுனி மட்டும் சும்மா கிடந்தது. அந்த நுனியில் நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்று ஒட்டிக்கொண்டு லேசாக ஆடியது.

"என் பத்துக்கு அது கரையலையா சார்?" என்று கேட்டாள்.

"பத்து தோலோட நின்னுரும்மா. அம்புட்டு உள்ள மாத்திரைதான் போகும்" என்றார். "கரைக்கப் பாக்கலாம். ஆனா ஆளை அசைய விடாதீங்க."

அன்றைக்கே அங்கே ஒரு கட்டிலில் சேர்த்தோம். படுத்ததும் மச்சான் மறுபடி சோணை பேச்சை எடுத்தார். அழகம்மாள் போர்வையை அவர் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

"உன் மடி இல்லாம எம்பிள்ளைக்குக் காது குத்தமாட்டேன். அது மூளிக்காதாவே கெடக்கட்டும்ண்ணே."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பங்காளிகள், பத்திரிகை, ஊர்வாய் எல்லாம் என் கண் முன்னால் வந்து போயின. வரட்டும் என்று விட்டுவிட்டேன். "கெடா மேஞ்சுக்கிட்டு நிக்கட்டும் மச்சான். சொன்ன சனத்துக்கு மறுபடி சொல்லிக்கிறேன். நீங்க எந்திரிச்சு வாங்க" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு மாசி போய், பங்குனி போய், சித்திரையும் போனது. வைகாசியில் மறுபடி எக்கோ பார்த்தபோது துளசிராம் வெகுநேரம் தேடினார். அந்த நுனி இன்னும் சோம்பலாகத்தான் கிடந்தது, ஆனால் கட்டி இல்லை. இல்லை என்பதை நம்பாமல் அழகம்மாள் மூன்றாவது தடவையும் கேட்டாள். அவரும் சலிக்காமல் சொன்னார்.

அந்த மாதமே காதுகுத்தை வைத்தோம். கிடாய்கள் கன்றுக்குட்டி போல வளர்ந்திருந்தன. சீர்த்தட்டு எதையும் மச்சானைத் தூக்க விடவில்லை. மேல்சட்டையில்லாமல் புது வேட்டியோடு ரெங்கம்மாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது மாரில் அந்தச் சதுரத்தில் மட்டும் முடி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருந்தது. ஆபரேசன் பண்ணிய இடமா என்று யாரோ கேட்டார்கள். "இல்லப்பா, என் தங்கச்சி பாத்த வைத்தியம்" என்றார் மச்சான், பெருமையாக.

ஆசாரி ஊசியை வைத்ததும் பிள்ளை வீலென்று கத்தி, திரும்பி மாமன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், சரியாக அந்தச் சதுரத்தில். கூட்டமெல்லாம் அவள் காதைப் பார்த்துக் குலவை போட்டது. அழகம்மாள் மட்டும் காதைப் பார்க்கவில்லை. அண்ணன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.