கஞ்சி போடாத செய்தி

எங்கள் படைப்பிரிவில் செய்தியை இஸ்திரி போட்டுத்தான் அனுப்புவோம். சுருங்கிய செய்தி காற்றில் கொஞ்ச தூரம் போகும், அப்புறம் ஏதாவது முள்ளில் மாட்டிக்கொண்டு கிடக்கும். அதனால்தான் நாலாம் வகுப்பைத் தாண்டாத இஸ்திரிக்காரன் என்னைக் கூப்பிட்டு, களத்துக்குத் தகவல் வலை அமைக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

வலை என்றால் ஏழு இஸ்திரி வண்டிகள். படை நகர்ந்தால் வலையும் நகர வேண்டும் அல்லவா, தள்ளிக்கொண்டு போய்விடலாம். எங்கே எந்த வண்டி நிற்பது என்பதற்கு மேஜர் தேவசகாயம் வரைபடம் வைத்திருந்தார். எனக்குக் காது போதும். செய்தி தலைக்கு மேலே போகும்போது கேட்டுக்கொண்டே நடப்பேன். எங்கே சொல் கசங்கிச் சரசரக்கிறதோ, அங்கே ஒரு வண்டி. அங்கே இருப்பவன் அதைப் பிடித்து, மறுபடி தேய்த்து, அடுத்த வண்டிக்கு விடுவான்.

கடைசி வண்டி மலையடிவாரத்தில் நின்றது. அதைத் தள்ளுகிறவன் பவுன்ராஜ். அன்று காலை நானும் மேஜரும் அங்கேதான் இருந்தோம். மலைக்கு அந்தப்பக்கம் ஹவில்தார் கொம்பையாவும் பதினோரு பேரும் ஆற்றைக் கடக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். கொம்பையா என் மகளைக் கட்டியவர். மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம். ‘ஆற்றில் இறங்காதே, மேட்டிலேயே இரு’ என்ற செய்தி அரைமணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

“கஞ்சி போடுங்க பெரியவரே,” என்றார் மேஜர். “ராணுவச் செய்தி விறைப்பா நிக்கணும்.”

“விறைச்சுதுன்னா மலையில வளையாதுங்கய்யா.”

“போடுங்க.”

போட்டேன். பலகை மாதிரி நேராகப் போய் மலையில் மோதி இரண்டாக உடைந்தது. பவுன்ராஜ் ஓடிப்போய் இரண்டு துண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

“மருமகனுக்கு அப்பளமா அனுப்புனீங்க, அண்ணாச்சி?”

மேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “இன்னும் பத்து நிமிஷம். இனி உங்க கையிலதான் இருக்கு.”

இரண்டு துண்டையும் வாளியில் முக்கிக் கஞ்சி போக அலசினேன். பிழிந்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, கங்கு சிவந்த பெட்டியால் ஓர் இழுப்பு. ஒட்டிக்கொண்டது. அப்புறம் பட்டுச்சேலைக்குச் செய்வது போல மேலே ஒரு துணி விரித்து மெதுவாகத் தேய்த்தேன். காதோடு வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமில்லை. விட்டேன்.

அது சரிவோடு ஒட்டி ஏறியது. உச்சியில் கொஞ்சம் தயங்கியது. பிறகு அந்தப்பக்கம் வழிந்து இறங்கியது.

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஜோடி பூட்ஸ் சரளைக்கல்லில் நடந்தன. “நில்லுங்கடா!” என்று கொம்பையா குரல். பூட்ஸ் நின்றன. அதற்கப்புறம்தான் வெள்ளம் வந்தது.

“நின்னுட்டாங்க,” என்றேன்.

மேஜர் தொப்பியைத் தலையில் வைத்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். பவுன்ராஜ் வண்டிப் பலகையில் தாளம் போட்டான். மற்ற ஆறு வண்டிக்கும் சேதி போய், வழிநெடுக ஒரே விசில். அதற்குள் மலை தாண்டிப் பதில் வந்தது: ‘பத்திரம். மாமாவிடம் சொல்லவும், ஓரத்தில் ஒரு மடிப்பு கோணல்.’

“குறை சொல்ற அளவுக்கு நல்லா இருக்காரு,” என்றான் பவுன்ராஜ்.

சாயங்காலம் பன்னிரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மலை இறங்கி வந்தார்கள். ஏழு வண்டிக்காரர்களும் நானும் இஸ்திரிப் பெட்டியை உயர்த்திப் பிடித்து வரவேற்றோம். அவர்களுக்குப் பின்னால், அவர்கள் இறங்காத அந்த ஆறும் வந்தது. உடம்பெல்லாம் சுருக்கம். அது நான் நின்ற வண்டி முன்னால் வரிசையில் நின்றது. அதன் முறை வந்ததும் பலகையில் விரித்துப் போட்டு, வழக்கம்போல முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன்.