எட்டடித் தண்ணீர்

"வீட்லயே குள்ளமானவங்க யாரு மேடம்?" என்று குளம் வெட்ட வந்தவர் கேட்டார். காதில் பென்சில், கையில் அளவு நாடா. கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த முனை வீட்டிலேயே உயரம் குறைந்தவரின் மார்பளவுக்கு மேல் போகக் கூடாது, அதுதான் அவர் தொழிலில் முதல் பாடமாம். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவர் கொல்லைத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் தானே போட்டிருந்த நீள்சதுரத்தை முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு, "எங்க பொண்ணுதான். ஒம்போது வயசு" என்றார். பத்தடி தள்ளித் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணி ஒரு போர்வையைப் படாரென்று உதறினார். கேட்டிருக்காது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன?

அண்ணி இவருக்கு ஐந்து வயது மூத்த அக்கா. எங்களோடுதான் இருக்கிறார், அல்லது நாங்கள் அவரோடு இருக்கிறோம். அவரைக் கேட்டால் இரண்டாவதுதான் சரி என்பார். உயரம் மூன்றடி ஒன்பது அங்குலம். வளர்ந்தது போதும் என்று ஆறு வயதிலேயே அவர் உடம்பு முடிவு செய்துவிட்டது. மற்றதெல்லாம் குறைவில்லாமல் வளர்ந்தது, வாய் உட்பட. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களைத் தாழ்வான ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே நின்றபடி, மூக்குத் தண்டையும் காது மடலையும் ஒரே ஒரு முறை பார்ப்பார். உள்ளே போய் ஒரு சட்டத்தை எடுத்து வருவார். அதுதான் சரியாக இருக்கும். நான் ஒருமுறை பிடிவாதமாக வேறொன்று வாங்கி, ஒரு வாரம் காதுக்குப் பின்னால் புண்ணோடு திரிந்து, வாயை மூடிக்கொண்டு போய் மாற்றிக்கொண்டேன். "இந்த வேலைலதான் எல்லாரும் என் கண்ணுக்கு நேரா வருவாங்க. மத்த இடத்துல எனக்குத் தெரியுறது பெல்ட்டும் பொத்தானும்தான்" என்று ஒரு நாள் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

இவர் இருக்கிறாரே, அதற்கு நேர் எதிர். ஆறடி இரண்டு அங்குலம். கொடிக்கம்பம் என்றுதான் அண்ணி கூப்பிடுவார். தொழிலோ பல் வைத்தியம். நாள் முழுக்கக் குனிந்து அடுத்தவர் வாய்க்குள் பார்ப்பது. வீட்டுக்கு வந்தால் அக்கா சட்டை நுனியைப் பிடித்து இழுப்பார், இவர் இடுப்பை மடித்துக் காதைக் கொடுப்பார். பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அக்கா கை தலையில் பட வேண்டும் என்று மண்டியிட்டவராம். குனிந்த தலை நிமிராத பெண் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது குனிந்த தலை நிமிராத புருஷன். கடைசியில் முதுகெலும்பு நோட்டீஸ் கொடுத்துவிட்டது. நீந்தினால்தான் முதுகு தேறும் என்று டாக்டர் சொன்னார். அப்படி வந்ததுதான் இந்தக் குளம். கல்லூரிக் காலத்தில் உயரத்திலிருந்து குதித்துப் பரிசு வாங்கினவர், அதனால் ஒரு முனையாவது எட்டடி வேண்டும் என்று மாதக் கணக்காகக் கனவு கண்டுகொண்டிருந்தார்.

குளக்காரர் போன பிறகு இவர் சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எட்டடி வேண்டாம். மூணடி போதும். இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே சமமா."

"மூணடில எப்படிக் குதிப்பீங்க? தலை பொளந்துரும்."

"குதிக்கலைன்னா என்ன குடி முழுகிடுமா? நாம எல்லாம் தண்ணில இருக்க, அக்கா மட்டும் கரையில துண்டைப் புடிச்சிட்டு உக்காரணுமா?"

அந்த நிமிடத்தில் எனக்கு இவர் மேல் வந்த பாசத்தை என்னவென்று சொல்ல? இப்படி ஒரு தம்பி வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். சரி, மூன்றடி என்று முடிவாயிற்று. எங்கள் மகள் குட்டியின் பாதுகாப்புக்காக என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அண்ணி குளக்காரரின் வரைபடத்தை விரித்து வைத்தார். பழக்கூடைக்கு அடியில் நான்தான் ஒளித்திருந்தேன். ஒளித்த லட்சணம் அவ்வளவுதான்.

"மூணடின்னு போட்டிருக்கே. யாருக்கு?"

"குட்டிக்குதான்க்கா" என்றார் இவர்.

"குட்டி போன வருஷமே என்னைத் தாண்டிட்டா. இன்னும் நாலு வருஷத்துல இந்தத் தண்ணி அவ இடுப்புக்கு வரும். அவ வளருவாடா. இந்த வீட்ல வளராத ஆள் ஒருத்திதான் இருக்கா."

சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. குட்டியின் கோடு வருடா வருடம் ஏறும். பக்கத்தில் அண்ணி தன் கோட்டையும் போடச் சொல்வார். போட்ட இடத்திலேயே போட்டுப் போட்டு அது கன்னங்கரேலென்று தடித்துவிட்டது. குட்டிக்கு அது நினைவு வந்ததோ என்னவோ, "அத்தை, தாண்டினதுக்கு நான் அன்னைக்கே சாரி சொல்லிட்டேன்" என்றாள்.

"வளர்றதுக்கெல்லாம் யாராவது சாரி சொல்வாங்களாடி? சாப்பிடு."

நான் சமாளிக்கிறேன் பேர்வழி என்று புகுந்து, "கோவிச்சுக்காதீங்க அண்ணி. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு சொல்வாங்கல்ல. அப்படி உங்க தலைக்கு மேல தண்ணி போயிடக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எந்த இடத்தில் எதைச் சொல்வது? எனக்கு வாயில் சனி.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை சொல்லு."

"மன்னிச்சிருங்க அண்ணி."

"அட, சொல்லும்மா."

சொன்னேன். அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "இதைச் சொன்னவ கண்டிப்பா என்னை மாதிரி ஒருத்திதான். நாமதான் அழுகைப் பழமொழின்னு நெனச்சுட்டோம். தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்ன? எனக்கும் கால் நிலைக்காது, இந்தக் கொடிக்கம்பத்துக்கும் நிலைக்காது. ரெண்டு பேரும் ஒண்ணு. மூணடில என்ன ஆகும்? நீங்கல்லாம் நிப்பீங்க. நான் கழுத்தை அண்ணாந்துகிட்டு உங்களைப் பாத்துட்டு நிப்பேன். அதைத்தான் தினமும் தரையில பண்றேனே, அதுக்கு எதுக்குத் தண்ணி? எட்டடி வெட்டுங்க."

"உனக்கு நீச்சல் தெரியாதுக்கா."

"கத்துக்கறேன்."

"ஆழம் தெரியாம காலை விடக் கூடாது."

"ஆழம்தான் தெரியுமே. எட்டடி."

குட்டி களுக்கென்று சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என்னால முடியாது. நீ மூழ்குறதைக் கரையில நின்னு பாக்க என்னால முடியாது" என்றார். அக்காவிடம் இவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி வரைபடத்தை மடித்துத் திரும்பப் பழக்கூடைக்கு அடியிலேயே வைத்தார்.

மண் வெட்டும் இயந்திரம் வருகிற அன்று இவர் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாடியே கிளினிக்குக் கிளம்பிவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆழம் எவ்ளோன்னு நீயே சொல்லிரு" என்றார். நல்லா இருக்கே நியாயம்! நான் நாய்க்குட்டி குளிக்கிற தொட்டியைப் பார்த்தாலே நாலு அடி தள்ளி நிற்கிறவள். மூன்று என்றால் அண்ணியின் ஆசையில் மண். எட்டு என்றால், நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த வார்த்தை என் வாயில் இருந்து வந்ததாக இருக்கும். அண்ணியும் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கெஞ்சுவார் என்று பார்த்தேன். "மதியத்துக்கு எனக்கு வேண்டாம், கடையிலேயே பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இயந்திரக்காரர் வழியில் இருக்கும் துணிக் கொடியை அவிழ்க்கச் சொன்னார். அண்ணிக்கு எட்டட்டும் என்று இவர் தாழக் கட்டிய கொடி அது. அதில் கழுத்து மாட்டாமல் நானும் இவரும் ஒரு நாள் கூடக் கொல்லையைத் தாண்டியதில்லை. முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் யோசித்தேன். அடுப்பு மேடையைத் தாழ்த்தினோம், விளக்கு சுவிட்சைத் தாழ்த்தினோம், அலமாரியைத் தாழ்த்தினோம், இவர் தன் முதுகையும் தாழ்த்திக்கொண்டார். எல்லாம் பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஒன்றைக் கூட அண்ணி கேட்டு நாங்கள் செய்யவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருடத்தில் அவர் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று.

"எவ்ளோ மேடம்?" என்று குளக்காரர் கேட்டார்.

"இந்த முனை மூணு. அந்த முனை எட்டு" என்றேன். சொல்லிவிட்டுக் கொடிக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அக்கா கத்துக்கிற வரைக்கும் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது என்றார். அது நியாயம். புதன்கிழமை மதியங்களில் நகரத்து நீச்சல் குளத்துக்கு அண்ணியும் நானும் போனோம். அவர் தண்ணீருக்குள், நான் பெஞ்சில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. சொல்லித்தந்த பெண் முதல் நாள் வாய்ப்பழக்கத்தில், "இது ஆழமில்லாத பக்கம்தான், பயமா இருந்தா காலை ஊனிக்கோங்க" என்றாள். அண்ணி, "எங்கம்மா ஊன்றது?" என்றார். அந்தப் பக்கமே நாலடி. அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் பத்துப் பேர் கற்றுக்கொண்டிருந்தார்கள். மூச்சு முட்டினால் எழுந்து நிற்பார்கள், மூக்கைத் துடைப்பார்கள், மறுபடி படுப்பார்கள். அண்ணிக்கு மட்டும் எழுந்து நிற்க இடமே இல்லை. முதல் நிமிடத்திலிருந்தே அவருக்கு எல்லாம் ஆழம்தான். ஆகவே மற்றவர்கள் கடைசியில் கற்றதை அவர் முதலில் கற்றார்: மிதப்பதை. மூன்று வாரம் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. இருமி இருமிக் கண் சிவந்து கரையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாரம் விட்டா மொத்தக் குளத்தையும் குடிச்சுடுவேன், அப்புறம் நின்னுக்கலாம்" என்பார். நான் போதும் அண்ணி என்பேன். அவர் மறுபடி கையை விடுவார். அந்தக் கை விடுவதை ஒவ்வொரு முறையும் பார்த்தேன். எனக்கு ஜென்மத்துக்கும் அந்தத் தைரியம் வராது. ஆறாவது வாரம் மிதந்தார். ஒன்பதாவது வாரம் அகலத்தைக் கடந்தார். பதின்மூன்றாவது வாரம் நீளத்தைப் போய்வந்து, பெஞ்சில் அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "யாரு செத்துட்டா?" என்று கேட்டார்.

இவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். புதன்கிழமை சாயங்காலம் வந்ததும், "அக்கா தலையை நல்லாத் துவட்டினாளா?" என்று மட்டும் கேட்பார்.

எங்கள் குளத்தில் தண்ணீர் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், எட்டடி முனையில் இவர் குதிக்கிற உடுப்போடு நின்றார். ஆனால் குதிக்கிற நினைப்பே இல்லை. ஒரு கையில் மிதவை வளையம், இன்னொரு கையில் நீளக் கழி. தீயணைப்புக்காரர் தோற்றார். அண்ணி தன் கடையில் தானே பவர் போட்டுச் செய்த நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குட்டியின் செருப்பைவிடச் சின்னதான தன் செருப்பைக் கரையில் இவர் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு, மூன்றடி முனையில் இறங்கினார். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. நடந்தார். சரிவு தொடங்கும் இடத்தில் கால் தரையை விட்டது எங்களுக்கே தெரிந்தது. இவர் கழியைத் தண்ணீருக்கு மேல் நீட்டினார். அண்ணி அவசரப்படாமல் வந்தார். எனக்கு நிலைக்காத இடத்தைத் தாண்டினார். இவருக்கு நிலைக்காத இடத்துக்கு வந்து நின்றார். நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும், அப்படி அசையாமல் இருந்தது அந்தத் தலை.

"கொடிக்கம்பம், அந்தக் கழியை வெச்சுட்டு வாடா."

இவர் கழியைப் போட்டார். வளையத்தைப் போட்டார். பரிசு வாங்கின குதியெல்லாம் குதிக்கவில்லை. ஏணியில் மெல்ல இறங்கி, அக்காவிடம் நீந்திப் போனார். தண்ணீருக்கு மேல் இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன. ஒரே மட்டம். இரண்டு மோவாயிலும் அதே தண்ணீர். அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடையில் நாற்காலிக்காரர்களைப் பார்ப்பது போல இவர் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு ஈரத்தில் ஒட்டிப்போன முடியைப் பார்த்தார்.

"டேய், உச்சியில வழுக்கை விழுந்திருக்கு. எத்தனை வருஷமாடா?"

"ஆறு வருஷம் இருக்கும்க்கா. சீவி மறைச்சுடுவேன்."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே" என்றபடி அண்ணி தண்ணீரிலிருந்து ஒரு கையை எடுத்து, அந்த வழுக்கையின் மேல் வைத்தார். சொட்டுச் சொட்டாக நீர் இவர் நெற்றியில் வழிந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். குனியவில்லை.