பீச்சாங்கை துரைசாமி

"ரைட்ல இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று அன்பரசன் கீழே நின்று கத்தினான். மின்கம்பத்தில் ஏறியிருந்தவன் கயிற்றை இழுத்துக் கட்டியதும் கண்ணீர் அஞ்சலி பேனர் விறைத்து நின்றது. ஜாஸ்மின் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். இளவயது அப்பா, குத்துச்சண்டைக் கையுறைகளை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். இடது கை முன்னால் இருந்தது. முன்னால் இருக்கவேண்டியது வலது கை.

"டேய், போட்டோவத் திருப்பிப் போட்டுட்டாங்கடா."

"நான்தான்க்கா திருப்பச் சொன்னேன். சிலுவை அந்தப் பக்கம் வருதுல்ல? அப்பா அதுக்கு முதுகக் காட்டிக்கினு நின்னா நல்லாவா இருக்கும்?"

"அவரு பீச்சாங்கைடா. அவர் ஆட்டமே அதுலதான இருந்துது."

"அதெல்லாம் யாரு பாக்கப்போறாங்கக்கா?" என்றுவிட்டு அவன் நாற்காலி கொண்டுவந்த வண்டிக்காரனைக் கவனிக்கப் போனான்.

அவன் சொன்னது சரிதான். அதுதான் அவளை வதைத்தது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பேனரைப் பார்த்தார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் அப்பாவோடு ஈரத்தோல் தூக்கியவர்கள் வந்தார்கள், கோயில்காரர்கள் வந்தார்கள், அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியிலிருந்து லைன் பெண்கள் வந்தார்கள். "போட்டோ நல்லா இருக்கு" என்றார்கள். ஐஸ் பெட்டிக்குள் இருந்த அப்பாவுக்கும் வெளியே தொங்கிய ஆளுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

துரைசாமி ஒரு வருடம் மாநில சாம்பியனாக இருந்தவர். ஊர் அதை அந்த வருடமே மறந்துவிட்டது. ஊரைச் சொல்லியும் குற்றமில்லை, அவர் ஆட்டம் அப்படி. கூட்டத்துக்கு ரத்தம் தெறிக்க அடித்துக்கொள்ள வேண்டும். இவரோ வலது காலையும் வலது கையையும் முன்னே வைத்து, பின்னாலேயே அரைவட்டம் போட்டுப் போய்க்கொண்டிருப்பார். "ஓடுறான்டா பீச்சாங்கை!" என்று விசிலடிப்பார்கள். துரத்துகிறவனுக்குத் தெம்பு ஏறும், அவசரம் ஏறும், கை கொஞ்சம் இறங்கும். அதுவரை மார்போடு சும்மா கிடந்த இடது கை அப்போதுதான் புறப்படும். ஒன்றே ஒன்று. விழுந்தவன் எழுந்து பார்க்கும்போது இவர் மறுபடி பின்னால் போய் நின்றிருப்பார்.

ஜாஸ்மின் அதை மேடையில் பார்த்ததில்லை, மொட்டைமாடியில் பார்த்தாள். சிறுமியாக இருந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் ஷூ அடிப்பாகத்தை மாட்டிக்கொண்டு அவரைத் துரத்துவாள். அவர் பின்னால் போவார். அவள் முன்னால் வந்த வேகத்தில் இடது கை ரப்பரில் தொட்டு நிற்கும். "பாத்தியா? நீயேதான் வந்து வாங்கிக்கினே" என்று சிரிப்பார். அம்மா போன பிறகு அவர் தனியாக, தண்ணீர்த்தொட்டிச் சுவரைப் பார்த்து ஆடினார். கல்யாணமாகிப் போன அவளும் சரி, தம்பியும் சரி, மாடிக்கு ஏறவில்லை. இன்றைக்கு அவரைத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. தானும் மறந்துவிட்டால் அவ்வளவுதான்.

சவப்பெட்டி வந்து இறங்கிய சமயத்தில் ஆட்டோவிலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். வெள்ளைத் தொப்பி, ஊன்றுகோல். பேனருக்குக் கீழே நின்றவர் நகரவேயில்லை. ஜாஸ்மின் அருகே போனாள்.

"வாங்க பாய். நீங்க?"

"அப்துல் சமத். ஜோலார்பேட்டை, ரயில்வேல இருந்தேன்." கண்ணை எடுக்காமலே சொன்னார். "போன்ல இந்தப் போட்டோவப் பாத்தப்போ வேற யாரோன்னு நெனச்சேன். பேரப் பாத்துதான் வந்தேன். இவன் இப்பிடி நிக்க மாட்டானேம்மா. கை மாறிக் கீதே."

ஜாஸ்மின் அந்தக் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள்.

உள்ளே உடலைப் பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். வெள்ளைக் காலுறை மாட்டியாயிற்று. உபதேசியார் வெள்ளைக் கையுறைகளைப் பிரித்து, வலது கையில் சுலபமாக மாட்டினார். இடது கையில் ஏறவில்லை. புடைத்த முட்டியும் மடங்கிய விரல்களும் துணியை வழிமறித்தன.

"ஒரு கை போதும்மா. இத்தப் பூவப் போட்டு மறைச்சிடலாம்" என்றார் உபதேசியார்.

"மறைக்காதீங்க." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எந்தக் கைய வேணா மறைங்க. அத்த வேணாம்."

அன்பரசன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

சமத் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெட்டியருகே முழங்காலிட்டார். கையுறையை விரல் நுனிவரை சுருட்டினார். துரைசாமியின் முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தன் தாடையைத் தொட்டுக்கொண்டார்.

"இது இங்கதான் ஒடஞ்சுது."

"உங்ககூட ஆடினாரா?" என்றான் அன்பரசன்.

"பைனல்ல. எங்கூட எங்க ஊர் ஆளுங்க நெறய பேர். இவன் தனியா வந்தான், ஷாப்புக்கு லீவு போட்டுட்டு. ஒரு கிளவுஸ நம்பளே மாட்டிக்கலாம் தம்பி. மாட்டின கையால இன்னொண்ணக் கட்ட முடியாது. கட்டிவிட இவனுக்கு ஆள் இல்ல. ரூம்ல இந்தக் கைய நீட்டிக்கினு நின்னுக்கினு இருந்தான். நான்தான் கட்டிவுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? நான் கட்டின கையாலயே என்னச் சாச்சிட்டான். ஆனா ரயில்வே வேலை எனக்குக் குடுத்தாங்க. இவன் ஆட்டம் பாக்க நல்லா இல்லன்னு சொல்ட்டாங்க."

பேசியபடியே கட்டைவிரலை நுழைத்தார். மற்ற விரல்களை ஒவ்வொன்றாக நீவி உள்ளே விட்டார். முட்டியில் துணி நின்றபோது இழுக்காமல் சற்றுப் பொறுத்து, பக்கவாட்டில் தளர்த்தி ஏற்றினார். மணிக்கட்டில் சுருக்கத்தை நீவிவிட்டு, தன் உள்ளங்கையால் அந்த முட்டியை இரண்டு முறை தட்டினார். குனிந்து கேட்டார்:

"டைட்டா கீதா தோஸ்த்?"

பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சமத் தலையைத் தூக்கவில்லை.

"இல்ல பாய்" என்றாள் ஜாஸ்மின். "சரியா இருக்கு."