ஏணியின் அடி

அந்த இணைய வரைபடத்தில் தாராவியின் ஒவ்வொரு கட்டடமும் ஒரு சாம்பல் நிறக் கட்டம். தொட்டால் எண் வரும், குடியிருப்பவர் பெயர் வரும். பெயர் விட்டுப்போயிருந்தால் அங்கேயே மனுப் போடலாம். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக, ஓர் அரசு அலுவலகத்துக்கு யாரோ எப்போதோ செய்து கொடுத்த தளம். அதைப் பொதுமக்களுக்கு எளிதாகும்படி திருத்தி அமைக்கும் வேலை மாட்டுங்காவில் உள்ள எங்கள் சிறிய நிறுவனத்துக்கு வந்தது. மக்கள் எந்தத் திரையில் இடறுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

என் பெயர் எட்வின். செம்பூரில் இருக்கிறேன். மனைவி பிரேமலதா இறந்து ஏழு மாதம். அதற்குப் பிறகு என்னால் ஒழுங்காகச் செய்ய முடிந்தது வேலை ஒன்றைத்தான். அதை நன்றாகவே செய்தேன்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் மேலாளர் ஆதித்யன் ஒரு பட்டியலை என் மேசையில் வைத்தார்.

"அறுநூத்துப் பன்னெண்டு மனு ரிஜெக்ட். எல்லாத்துக்கும் ஒரே காரணம். வேற கட்டடத்து மேல போட்டிருக்கா. ஜனங்களுக்கு மேப் பார்க்கத் தெரியலை, எட்வின். ஒரு ஹெல்ப் வீடியோ போட்டுட்டா முடிஞ்சுது."

"யாரையாவது நேர்ல பார்த்தீங்களா சார்?"

"எதுக்கு? அதான் லிஸ்ட் இருக்கே."

"நான் பார்த்துட்டு வரேன்."

இரண்டு முறை தள்ளுபடியான ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தேன். விஜயராணி. பதினொரு மணிக்கெல்லாம் தாராவியில் இருந்தேன்.

வரைபடம் காட்டிய இடத்தில் ஒரு பை தைக்கும் பட்டறை இருந்தது. உரிமையாளர் ஜெயினுலாப்தீன் வாசலில் உட்கார்ந்து ஜிப் பொருத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மேப்-வாலாவா? வாங்க, வாங்க. கீழ என் பேரு பக்காவா இருக்கு. அதைச் சொல்லணும். மேலதான் ஆளே இல்லன்னு போட்டிருக்காம். பகல் முழுக்க என் தலைக்கு மேல தையல் மிஷின் கடகடன்னு ஓடுது. அப்போ அதை ஓட்டுறது யாரு, ஜின்னா?"

மேலேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஜின்னுதான் பாய். வாடகையில்லாம இருக்குற ஜின்னு. அந்தத் தம்பிய மேல அனுப்புங்க."

பட்டறைக்குள் மாடிப்படி இல்லை. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகச் சொன்னார் ஜெயினுலாப்தீன். அங்கே பேகம் என்பவரின் வீட்டுச் சுவரோடு சேர்த்து வெல்ட் வைத்த இரும்பு ஏணி நின்றது. உச்சியிலிருந்து சந்துக்குக் குறுக்கே ஒரு பலகை. பலகையைத் தாண்டினால் பட்டறைக்கு மேலே விஜயராணியின் வீடு. அந்த ஏணியில்தான் நானும் ஏறினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

விஜயராணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிச் சீருடை தைக்கிறார். கணவருக்கு குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. தைத்துக்கொண்டே பேசினார்.

"ரெண்டு தடவ போட்டாச்சு தம்பி. ரெண்டும் திரும்பி வந்துட்டு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட மனுவைப் பூட்டிருவானாம். அதுக்குள்ள என் பேரு ஏறலன்னா இப்படி ஒரு வீடே கிடையாதுன்னு ஆயிரும். நாளைக்கு இடிச்சுக் கட்டும்போது யார்கிட்டப் போயி நிக்கது? பத்தொம்பது வருசமா இல்லாத வீட்டுலயா இருக்கேன்?"

"போன்ல உங்க வீட்டைத் தொட்டுக் காட்டுங்க அக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பார்த்துட்டு மட்டும் இருப்பேன்."

"பரீட்சையா?"

"உங்களுக்கு இல்லை. மேப்புக்கு."

அவர் விரல் தயங்கவில்லை. பெரிய சாலையில் தொடங்கியது. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மாதா கோயில், வலப்பக்கம் மூன்றாவது சந்து. எங்கள் அலுவலகத்தில் யாரும் இவ்வளவு வேகமாக அந்த வரைபடத்தில் போனதில்லை. கடைசியில் ஒரு கட்டத்தின் மேல் விரலை அழுத்தினார். அது பேகத்தின் வீடு.

தவறு என்று குறித்துக்கொள்ளப் போனேன். பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"இது எதிர் வீடு இல்லையா அக்கா?"

"எதிர் வீடுதான். ஏணி அங்கதான இருக்கு. எல்லாரும் பேகம் ஏணின்னுதான் சொல்லுவாவ. கேஸ்காரன், பால்காரன், எம் மவளப் பொண்ணு பாக்க வந்தவுக, எல்லாருக்கும் அந்த அடையாளந்தான். எங்க ஏறுதேனோ அதுதான என் வீடு?"

அவ்வளவுதான். பேகம் வீட்டுக்கு மாடியே கிடையாது. அந்த எண்ணில் ஒரு மாடி வீட்டுக்கு மனு வந்தால் அலுவலகம் தள்ளத்தான் செய்யும். விஜயராணி வரைபடத்தைச் சரியாகப் படித்திருக்கிறார். வரைபடம்தான் வானத்திலிருந்து குனிந்து கூரைகளைப் பார்க்கிறது. மாடியில் இருப்பவர்கள் தரையிலிருந்து ஏறிப் போகிறவர்கள்.

இறங்கும் முன் அவர் கேட்டார். "வீட்ல யாரெல்லாம் தம்பி?"

"நான் மட்டும்."

"கல்யாணம் ஆகலையா?"

"ஆச்சு. இறந்துட்டா."

மிஷின் நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். எல்லோரும் சொல்வதை அவர் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுத் தருவியளா?" என்றார்.

"தருவேன்."

அதே சந்தில் இன்னும் நான்கு மாடி வீடுகளில் கேட்டேன். நான்கு பேரும் ஏணியின் அடியைத் தொட்டார்கள். அலுவலகத்துக்குத் திரும்பி அறுநூற்றுப் பன்னிரண்டையும் வரைபடத்தின் மேல் புள்ளிகளாகப் போட்டுப் பார்த்தேன். ஐந்நூற்று எழுபத்தொரு புள்ளிகள் ஏதோ ஒரு சந்தின் ஓரத்தில் விழுந்தன. ஆதித்யனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இவங்க யாரும் தப்பாத் தொடலை சார். நாமதான் தப்பாக் கேட்டிருக்கோம்."

நாற்காலியை இழுத்துப்போட்டு வெகுநேரம் திரையைப் பார்த்தார். "சரி. புது டிசைன்ல சேர்த்துடு. ஒண்ணாந்தேதி லைவ்."

"மனு வெள்ளிக்கிழமை முடியுது. ஒண்ணாந்தேதி வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"அதுக்கு நான் என்னப்பா பண்றது? கவர்ன்மென்ட் ஆபீஸ் அப்ரூவல் இல்லாம ஒரு கமா கூட மாத்த முடியாது."

"முழு டிசைன் வேண்டாம். மேப்பைத் தொட வேண்டாம், டேட்டாவைத் தொட வேண்டாம். நடுவுல ஒரே ஒரு திரை. அதுக்கு மட்டும் கேளுங்க."

"எப்போ முடிப்பே?"

"புதன்."

"ரெண்டு நாள்லயா? தலைக்கனம்டா உனக்கு." சொல்லிக்கொண்டே கைப்பேசியில் அந்த அரசு அலுவலக அதிகாரியின் எண்ணைத் தேடினார். ஆதித்யன் பேச ஆரம்பித்தால் எதிராளி சம்மதிக்கும்வரை விட மாட்டார். நாற்பது நிமிடம் பேசினார்.

நான் எழுதிய திரையில் கேள்விகள் மூன்று. ஏணி ஏறி வீட்டுக்குப் போகிறீர்களா? ஏணியின் அடி எங்கே இருக்கிறது, தொடுங்கள். ஏறி முடித்ததும் உங்கள் காலுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு, தொட்ட இடத்தைச் சுற்றியுள்ள கட்டடக்காரர்களின் பெயர்களைத் தளமே வரிசையாகக் காட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மனு சரியான கட்டடத்தில் போய் உட்காரும். சரியாக உட்கார்ந்ததா என்பதை அனுப்பிய உடனே சொல்லிவிடும். முன்போல இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை மதியம் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். விஜயராணி முதல் திரையிலேயே நின்றுவிட்டார்.

"இது என்ன தம்பி, குர்லா ஸ்டேசனா?"

"எது?"

"தண்டவாளம் போட்டிருக்கியளே."

நான் வரைந்த ஏணிப் படம் அது. இரண்டு நீளக் கோடு, நடுவில் குறுக்குக் கட்டைகள். தண்டவாளமேதான். ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

கீழேயிருந்து ஜெயினுலாப்தீன் கத்தினார். "மேப்-வாலா! மாஹிமுக்கு ஒரு டிக்கெட் குடும்!"

அங்கேயே படத்தை நீக்கினேன். பேகம் ஏணியைப் புகைப்படம் எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். விஜயராணி மீண்டும் தொடங்கினார். மூன்றாவது கேள்வியை வாய்விட்டுப் படித்தார். "காலுக்குக் கீழே யார்?" சிரித்துவிட்டார். "இதைக் கேக்கவா இத்தன நாளு ஆச்சு ஒங்களுக்கு?"

வியாழன் மாலை அனுமதி வந்தது. வெள்ளி காலை ஒன்பதரைக்குத் திரை தளத்தில் ஏறியது. பத்து மணிக்கு நான் தாராவியில் இருந்தேன். போக வேண்டிய அவசியம் இல்லை. அது வேலை செய்யும் என்று தெரியும். இருந்தாலும் போனேன்.

விஜயராணி ஏணியின் நாலாவது படியில் உட்கார்ந்திருந்தார். சந்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் போனைக் காட்டச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்.

"யாரும் சொல்லித் தர வேண்டாம். நானே போடுதேன்."

முதல் கேள்விக்கு ஆம் என்றார். ஏணியின் அடியைத் தொட்டார். பெயர்கள் வந்தன. மூன்றாவதாக இருந்த பெயரை அழுத்தினார். அனுப்பு. வட்டம் ஒன்று சுற்றியது. தாராவியில் சிக்னல் எப்போதும் அப்படித்தான்.

கட்டம் பச்சையானது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கட்டடம் பொருந்துகிறது. மனு ஏற்கப்பட்டது. கீழ்த்தளம், ஜெயினுலாப்தீன். மேல்தளம், விஜயராணி." கடைசிச் சொல்லை இன்னொரு முறை படித்தார்.

ஜெயினுலாப்தீன் பட்டறையை விட்டுவிட்டு வந்திருந்தார். "அரே, சர்க்காரே எழுதிட்டான்யா, இந்தப் பொம்பள என் தலைமேல இருக்கான்னு."

"பத்தொம்பது வருசமா அங்கதான் இருக்கேன் பாய். நீருதான் நிமிந்து பாக்கல."

பக்கத்திலிருந்த ஒருவர் தன் போனை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். விஜயராணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதை வாங்கினார். "மொதல்ல ஏணி. ஒமக்கு எது, சர்ச் ஏணியா, ஸ்கூல் ஏணியா? சரி. இப்போ சொல்லும், காலுக்குக் கீழ யாரு?"

எனக்கு அங்கே இனி வேலையில்லை. இருந்தும் நின்றுகொண்டிருந்தேன். ஏழு மாதத்தில் முதல் முறையாக எங்கேயாவது நிற்கலாம் போல இருந்தது.

அவர் தலையைத் தூக்கினார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்த ஆளு வரணும்."

தள்ளி நின்றேன்.