அவருக்கு மிச்சமிருந்த பக்கங்கள்

லோயிஸ் கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பழைய செருப்பும், கிறிஸ்துமஸுக்கு வாங்கி வைத்த சீரியல் லைட்டும்தான் கையில் தட்டுப்பட்டன. ஹாலில் புருஷனைப் பெட்டியில் கிடத்தியிருக்கிறது, சபைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாடுகிறார்கள். இவள் என்னடாவென்றால் நிமிஷத்துக்கொரு தரம் எழுந்து ரூமுக்குள் ஓடி வருகிறாள்.

"என்னம்மா தேடறீங்க?" மகன் ஆஷ்லி கதவருகே நின்றான்.

"அப்பாவோட புக்குடா. நேத்து மடியில வச்சிருந்தாரே, அந்தத் தடிப் புக்கு."

"இப்ப அது எதுக்கும்மா? வந்து உட்காருங்க."

போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் போதுமா, மனசு உட்கார வேண்டாமா?

சில்வஸ்டர் எஸ்டேட் லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர். நேற்று மத்தியானம் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோனவள் தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள். டீ ஆறிய பிறகுதான் தெரிந்தது.

இருவருக்கும் கதைப் பைத்தியம். அவருக்கு ராஜா காலத்துக் கதை வேண்டும், அரண்மனைக்குள் ஒரு கொலை விழ வேண்டும். அவளுக்குக் காதல் கதை, அதுவும் கிறிஸ்துமஸில் நடக்க வேண்டும்.

"உன் கதைல பனி பெஞ்சா உடனே காதல் வந்துருது. இந்த எமரால்டு மலையூருல வருசாவருசம் பனி கொட்டுது, எவனுக்கு என்ன வந்துச்சு? சளிதான் வந்துச்சு" என்பார்.

"உங்க கதைல பொணமில்லாம ஒரு அத்தியாயம் உண்டுங்களா?" என்பாள் அவள்.

சண்டை அதில் இல்லை. லோயிஸுக்கு எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தாக வேண்டும். ஜோடி சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டுதான் முதல் பக்கத்துக்கே வருவாள். அவர் புத்தகத்தையும் விடமாட்டாள், படித்தபின் வாயும் சும்மா இருக்காது. ஒரு நாள் சோறு போடும்போது கொலைகாரன் பெயரைச் சொல்லித் தொலைத்தாள். மனுஷன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அதிலிருந்து கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் துணிக்கிளிப்பு மாட்டி வைப்பார்.

இந்தத் தடவையும் அவர் குளிக்கப் போன நேரம் கிளிப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டாள். கதையில் வரும் அரண்மனைக் கஜானாக்காரரைக் கொன்றது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி வைத்திருந்த அவருக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டாரே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

அவர் காதில் சொல்லிவிடலாமா? குனிந்தாள். பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "சொல்லிராதே லோயிஸ்" என்று எப்போதும் கையை நீட்டி மறிப்பார். அந்தக் கை வெள்ளைக் கிளவுஸோடு நெஞ்சின்மேல் கிடந்தது. சொல்லாமல் நிமிர்ந்தாள்.

"சீக்கிரம் எடுத்துருவோம். மிஸ்ட் இறங்கிருச்சுன்னா கல்லறை மேடு வழுக்கும்" என்றார் போதகர்.

லோயிஸ் பதறிப்போய்க் கொழுந்தன் பிராங்ளினிடம் போனாள். "தம்பி, ஹாலை ஒதுக்குனது நீங்கதானே? அண்ணன் படிச்ச புக்கு எங்கீங்க?"

பிராங்ளின் தலையைச் சொறிந்தான். "கிளிப்பு மாட்டின புக்குங்களா? தரை மேடும் பள்ளமுமா இருக்குது, பெட்டி வச்ச பெஞ்சு ஆடுச்சுங்க அண்ணி. அவசரத்துக்கு அதைத்தான் கால்ல முட்டுக் குடுத்தேன்."

அவர் புத்தகத்தின் மேலேயே அவர் கிடக்கிறார். லோயிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பெட்டியத் தூக்குங்க."

"அண்ணி, இப்பப் போயி..."

"தூக்குங்க தம்பி."

நாலு பேர் தூக்கிப் பிடித்தார்கள். லோயிஸ் மண்டிபோட்டுப் புத்தகத்தை உருவினாள். அட்டையில் பெஞ்சுக்கால் பள்ளம் போட்டிருந்தது. அந்த இடத்தில் பிராங்ளின் தன் செருப்பு ஒன்றைச் செருகினான்.

அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, கிளிப்பைக் கழற்றி, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். பாட்டு நின்றது. வேதம் வாசிக்கிறாள் என்று போதகர் தலையைக் குனிந்துகொண்டார். அரண்மனைக் கிணற்றடியில் ரத்தக்கறை என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

அவளுக்குக் கண் கடைசிப் பக்கத்துக்கே ஓடியது. இழுத்துப் பிடித்தாள். ஒரு வரி விடவில்லை. சுரங்கத்துக்குள் துரத்துகிற இடம் அவருக்குப் பிடிக்கும் என்று அதை நிதானமாகவே படித்தாள்.

"அம்மா, மிஸ்ட் இறங்குது" என்றான் ஆஷ்லி.

"இருடா கண்ணு. இன்னும் கொஞ்சந்தான்."

பெட்டி மூடியைப் பிடித்திருந்தவர்கள் அதைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தார்கள். ஒற்றைச் செருப்போடு நின்ற பிராங்ளின் அவள் பக்கம் குனிந்தான்.

"யாருதாங்க அண்ணி கொன்னது?"

"பேசாம இருங்க தம்பி. உங்கண்ணனுக்கே இன்னும் தெரியாது."

கிளிப்பைப் புடவைத் தலைப்பில் மாட்டிக்கொண்டு லோயிஸ் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.