வாசல் வரிசை

பஸ் சாயந்திரம் ஆறரைக்கு. மகள் கனிஷ்காவின் துணிகளைப் பையில் அடுக்கி ஜிப்பை இழுத்தாள் தங்கமாரி. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் மதியம்வரை அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறவள், இன்று படுக்கவேயில்லை. ஏழு வயதுப் பிள்ளையை ஊரில் அக்கா வீட்டில் விட்டுவிடுவது என்று அவளே எடுத்த முடிவுதான்.

அவர்கள் சுங்குவார்சத்திரத்தில் இருந்தது லைன் வீட்டில். வரிசையாகச் சின்னச் சின்ன ரூம்கள், முன்னால் ஒரு நடை, எதிரே சுவர், சுவரை ஒட்டி பைக்குகள். எந்த ரூமிலும் யாராவது ஒருவர் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் பகலில் சத்தம் கூடாது என்பது வீட்டுக்காரம்மா மீனம்மாள் வைத்த சட்டம். ஒரு பைக் கண்ணாடி உடைந்ததும் பந்து போயிற்று. சுவரில் கிறுக்கியதும் சாக்பீஸ் போயிற்று.

போன வாரம் தண்ணீர் குடிக்க எழுந்தவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பள்ளி விடுமுறையில் இருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு வாசற்படியில் இருந்தார்கள். பேச்சில்லை, சிரிப்பில்லை. வெறும் கைகள் மட்டும் அசைந்தன. வாங்கின, திருப்பின, அடுத்த பிள்ளையிடம் நீட்டின. தன் கம்பெனியில் பொருள் கைமாறிப் போகும் அசெம்ப்ளி லைனை யாரோ சின்னதாகச் செய்து வைத்ததுபோல் இருந்தது. பிள்ளை இப்படியே ஆகிவிடுவாளோ என்று பயந்தாள். உடனே அக்கா நாச்சியாருக்குப் போன் போட்டாள்.

"அங்கன என்னட்டி விளையாட இருக்கு? இங்க தெரு பூரா பிள்ளையதான். கொண்டாந்து விடு" என்றாள் அக்கா.

கனிஷ்காவிடம் கேட்டபோது, "நீ சொன்னா போறேம்மா" என்றாள். அந்தப் பணிவும் தங்கமாரியைப் பயமுறுத்தியது.

மோட்டார் போட வந்த மீனம்மாள் திறந்திருந்த கதவு வழியே பையைப் பார்த்தாள். "இன்னா தங்கமாரி, இன்னிக்குதான் பஸ்ஸா? உம் பொண்ணு இருக்குற எடமே தெரியாது. போனாலும் தெரியப் போறதில்ல."

பாராட்டாகத்தான் சொன்னாள். தங்கமாரி பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, எதிர்ச்சுவர்க் கொடியில் காய்ந்த பாவாடையை எடுக்க வெளியே வந்தாள். படியில் இருந்த மகளைத் தாண்டி நடையில் கால் வைத்ததும், வரிசை முழுக்க மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா" என்றாள் கனிஷ்கா கிசுகிசுப்பாக. "அதத் தட்டிவுட்டு அது மேல நடந்துட்ட."

"எது மேலட்டி?"

"அதுதாம்மா."

"ஆன்ட்டி, நவராதீங்க. உங்க காலாண்ட கீது." பக்கத்து ரூம் கார்முகில், பத்து வயதுப் பெண், ஒரு காலைத் தன் படியிலேயே வைத்துக்கொண்டு உடம்பை நீட்டி, தங்கமாரியின் பாதத்துக்குப் பக்கத்திலிருந்து எதையோ இரண்டு கைகளாலும் அள்ளினாள். கனிஷ்காவுக்கு மறுபக்கத்துப் படியிலிருந்த சின்னவள் மெர்சி தூரத்திலிருந்தே அதற்கு ஊதிவிட்டாள்.

"என்னம்மா அது?"

"தெரியாது ஆன்ட்டி. வாங்கினாதான் தெரியும். குடுக்குறவங்க எப்படிக் குடுக்குறாங்களோ அப்படியே வாங்கணும். ஏதாவது ஒண்ணு பண்ணிட்டு அடுத்த வாசலுக்குக் குடுக்கணும். ஒரு கால் எப்பவும் படியிலேயே இருக்கணும்."

"நேத்து முட்டையா இருந்துச்சி" என்றாள் கனிஷ்கா. "ஹேமந்துதான் பொரிக்க வச்சான். இப்ப ரொம்ப கனம். லீவு வுட்டதுலருந்து கீழ வச்சதே இல்லம்மா. கடைசியா யார் கையில இருக்கோ அவங்க வூட்ல தூங்கும். நேத்து நம்ம வூட்லதான். உன் தலகாணியாண்ட."

நேற்று இரவு தங்கமாரி வேலையில் இருந்தாள். தலையணை காலியாகத்தான் கிடந்திருக்கும்.

கார்முகில் கைகளை நீட்டினாள். மறுக்கத் தோன்றவில்லை. வாங்கினாள். மணிக்கட்டு தானாகத் தாழ்ந்தது. சின்ன வயதில் அக்காவுக்கு விளையாடக் குளமும் வேப்ப மரமும் ஒரு தெருவும் வேண்டியிருந்தன. எனக்கு ஒரு சில்லும் நாலு கோடும், கத்துவதற்குத் தொண்டையும். இதுகளிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம், சத்தத்தைக்கூட. எடுத்த பிறகும் என் கையில் என்ன இவ்வளவு கனக்கிறது?

கடைசி ரூம் வாசலில் ஹேமந்த் சிவப்பு வாளி மூடியைத் தூக்கிப் பிடித்தான்.

அவள் நினைப்பதற்கு முன்பே கைகள் தலைக்கு மேலே போய்விட்டன. கம்பெனியில் லைனை நிறுத்தச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தால் கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் செய்வது அது. பிள்ளைகள் அதற்கப்புறம்தான் தூக்கினார்கள்.

"உங்கம்மா செமயா நிக்கிறாங்கடி" என்றாள் கார்முகில் உதடு அசையாமல்.

"எங்கம்மா நெஜ லைன்ல கீறாங்க" என்றாள் கனிஷ்கா. அந்தக் குரலில் இருந்த பெருமையைத் தங்கமாரி இதற்குமுன் கேட்டதில்லை.

விட்ட பொருள் நெஞ்சுக்கு நேரே காற்றில் நின்றது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். அத்தனை கண்களும் சேர்ந்துதான் அதைக் கீழே விழாமல் பிடித்திருந்தன. அவளும் பார்த்தாள்.

உள்ளே போன் அடித்தது. அக்காவாகத்தான் இருக்கும். பச்சை மூடி இன்னும் வரவில்லை, அவள் அசையவில்லை. போன் அடித்து ஓய்ந்தது.

பச்சை வந்ததும் குனிந்து எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேலம்மா. அங்க இல்ல, இங்க."

சரியான இடத்திலிருந்து எடுத்து, ஒருமுறை தடவிக்கொடுத்து, மகளின் கைகளில் வைத்தாள். பாவாடையை எடுக்க மறந்தவளாய் உள்ளே போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நாங்க வரலக்கா."

"ஏம்ட்டி? நாளைக்கி வாராளுவன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளையட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"இவ போயிட்டா நடுவுல ஒரு வாசல் காலியாயிரும். அங்கிட்டும் இங்கிட்டும் கை எட்டாது."

"எதுக்குட்டி எட்டணும்? தூக்கக் கலக்கத்துல பேசுதியா?"

தங்கமாரி வாசலைப் பார்த்தாள். கனிஷ்கா ஒரு காலைப் படியில் ஊன்றி, முழு உடம்பையும் நீட்டி நின்றாள். அந்தப் பக்கம் மெர்சி இரண்டு கைகளையும் அகல விரித்து வாங்கினாள். முன்னைவிடப் பெரிதாகியிருந்தது.